சிவாஜி பார்க்கில் ஒரு கயிறு

மும்பையின் புகழ்பெற்ற மைதானத்தில் தினமும் மாலை குழந்தைகள் மல்லர் கம்பமும் கயிறும் ஏறக் கற்கிறார்கள். ஏற வராத குழந்தையை என்ன செய்வது என்பதும் அங்கே கற்க வேண்டிய பாடம்தான்.

"பாய்! பாய்!" என்று பயிற்சியாளர் குரல் கொடுக்கும்போதெல்லாம் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் மாதுங்காப் பாட்டிக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தொங்கும் கயிற்றில் நாலடி உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்பது வயதுப் பேத்தியை அந்த இளைஞர் கீழே பாயச் சொல்கிறார் என்றே தமிழ்க் காதுக்குப் படும். மராத்தியில் 'பாய்' என்றால் கால். கையை நம்பாதே, காலைப் பயன்படுத்து என்கிறார் அவர். பாட்டி மருமகளாக மும்பைக்கு வந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. மராத்தியில் காய்கறி பேரம் பேசுவார். தேவைப்பட்டால் சண்டையும் போடுவார். ஆனாலும் பயம் வரும்போது காது முதலில் தமிழில்தான் கேட்கிறது.

பேத்தி பாயவில்லை. வழுக்கினாள். கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓட, மெத்தைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். அன்று மாலை அது ஆறாவது தடவை. எழுந்து மெத்தையை ஓர் உதை உதைத்தாள். பிறகு கயிற்றை உதைத்தாள். அது விலகிப் போய், திரும்பி வந்து, அவள் தோளிலேயே இடித்தது. அதற்குமேல் தாங்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

தாதர் ஸ்டேஷனின் மேற்கு வாசலில் இறங்கி, பூ மார்க்கெட்டின் சாமந்திக் குவியல்களையும் ரானடே சாலையின் துணிக்கடை நெரிசலையும் தாண்டிக் கால் மணி நேரம் நடந்தால் வந்துவிடுகிறது சிவாஜி பார்க். 1925-இல் மாநகராட்சி இதை உருவாக்கியபோது பெயர் மாஹிம் பார்க். 1927-இல்தான் சிவாஜியின் பெயர் வந்தது. ஏறத்தாழ 28 ஏக்கர் திறந்தவெளி. சுற்றிலும் உட்காருவதற்கென்றே அளவெடுத்துக் கட்டியது போன்ற குட்டைச் சுவர் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. 'கட்டா' என்று அதற்குப் பெயர். காதலர்கள், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள், அரசியல் விமர்சகர்கள், பேரக்குழந்தைகளுக்காகக் காத்திருப்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம் உண்டு. பத்து நிமிட நடையில் கடல். காற்று அடித்தால் மைதானத்தின் செம்மண் தூசி எல்லோர் தலையிலும் பாரபட்சமில்லாமல் படிகிறது.

தமிழர்களுக்கு இந்த மைதானத்தோடு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1966 அக்டோபரில் சிவசேனா தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியது இங்கேதான். அந்த ஆண்டுகளில் அக்கட்சியின் கோபம் 'மதராஸி'கள் மீது இருந்தது. தண்டவாளத்துக்குக் கிழக்கே மாதுங்காவில் தலைமுறைகளாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த நாட்களில் சிவாஜி பார்க் பக்கம் வர யோசித்தன. பாட்டியின் மாமனார் கடைசிவரை அதை மறக்கவில்லையாம். இன்று அவருடைய கொள்ளுப்பேத்தி மராத்தியரின் விளையாட்டைக் கற்க வாரத்தில் ஐந்து நாள் இங்கே வருகிறாள். அதை யாரும் ஒரு செய்தியாக நினைப்பதில்லை.

மல்லகம்ப் என்று மராத்தியிலும் மல்லர் கம்பம் என்று தமிழிலும் சொல்லப்படும் இந்த விளையாட்டு, மற்போர் வீரனுக்காகப் பிறந்தது. எதிராளி இல்லாத நேரத்தில் பிடிகளைப் பழகிக்கொள்ள ஒரு மரக்கம்பம். 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த 'மானசோல்லாசம்' நூலிலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. பிறகு மங்கிப் போயிருந்ததை இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் காலத்தில் உயிர்ப்பித்தவர் பாலம்பட் தாதா தேவதர். ஹைதராபாத்திலிருந்து சவால்விட்டு வந்த மல்லர்களை எதிர்கொள்ள அவர் அவகாசம் கேட்டார் என்றும், சப்தசிருங்கி மலையில் தவமிருந்தபோது அனுமன் கனவில் வந்து கம்பத்தில் பிடிகளைக் காட்டிக்கொடுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஜான்சி ராணி லட்சுமிபாய் சிறுவயதில் பிட்டூரில் இதைப் பழகினார் என்றும் சொல்வதுண்டு. கதைகளை எவ்வளவு நம்புவது என்பது அவரவர் விருப்பம். கம்பம் மட்டும் கதையல்ல. எட்டரை அடி உயரத்தில், அடி பெருத்து நுனி சிறுத்து, விளக்கெண்ணெய் பூசிய பளபளப்போடு எதிரே நிற்கிறது.

எண்ணெய் பூசிய கம்பம் என்றதும் தமிழ்நாட்டுக்காரருக்கு வழுக்கு மரம் ஞாபகத்துக்கு வரும். கோகுலாஷ்டமிக்கு நட்டு, மேலே பரிசைக் கட்டி, ஏறுகிறவர்கள் வழுக்குவதைப் பார்த்து ஊரே சிரிக்கும். அங்கே சறுக்கினால்தான் வேடிக்கை. இங்கே யாரும் சிரிக்கக் கூடாது. ஆனால் சுவர்மேல் ஐம்பது பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெண் குழந்தைகள் நெடுங்காலமாகப் பழகி வருவது கயிறு. முன்பு பிரம்பில் செய்ததை இப்போது பருத்திக் கயிற்றில் செய்கிறார்கள். விரல் பருமனில், சுமார் 18 அடி நீளத்தில், மேலே ஒரு கொக்கியிலிருந்து தொங்குகிறது. முடிச்சு கிடையாது. கீழ்நுனி எதிலும் கட்டப்படுவதுமில்லை. அதில் ஏறிப் பத்மாசனம் போடுகிறார்கள், தலைகீழாகத் தொங்குகிறார்கள், கயிற்றைத் தொடையிலும் இடுப்பிலும் சுற்றிக்கொண்டு இரண்டு கைகளையும் விட்டுவிட்டுக் கும்பிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அதெல்லாம்தான் வித்தை. பழகுகிறவர்களைக் கேட்டால் வித்தை அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பார்கள். கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கயிற்றைக் கவ்விக்கொள்வதில்தான் அது இருக்கிறது.

அந்த இடுக்கு மனித உடம்பில் மிகவும் சோம்பேறியான இடங்களில் ஒன்று. ரப்பர் செருப்பின் வாரைப் பிடிப்பதைத் தவிர அதற்கு வேலையே கிடையாது. பள்ளி ஷூவுக்குள் அடைபட்ட நகரத்துக் குழந்தைக்கு அந்த வேலையும் இல்லை. அங்கே உடம்பின் எடை முழுவதையும் நிறுத்து என்றால் முதலில் அந்த விரல்களுக்குப் புரிவதில்லை. புரிந்ததும் வலிக்கிறது. தோல் சிவக்கிறது. சில நாட்களில் லேசாக உரிகிறது. அந்த வலியைத் தவிர்க்கக் குழந்தை என்ன செய்யும்? கையால் இழுத்துக்கொண்டு மேலே போகப் பார்க்கும். மூன்று பிடி போவதற்குள் கை நடுங்கும். பயத்தில் உடம்பு விறைக்கும். விறைத்தால் கயிறு இன்னும் ஆடும். கயிறு ஆடினால் பயம் கூடும். அந்த வட்டத்தில்தான் பேத்தி மூன்று வாரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

விறைப்பது அவளுடைய தப்பு அல்ல என்பதை ரஷ்ய உடலியலாளர் நிகொலாய் பெர்ன்ஸ்டைன் சென்ற நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கிறார். புதிய வேலை ஒன்றைப் பழகும் உடம்பு, தன்னிடமுள்ள இத்தனை மூட்டுகளையும் ஒரே சமயத்தில் ஆள முடியாமல் பலவற்றைப் பூட்டிவிடுகிறது. பழகப் பழக ஒவ்வொன்றாகத் திறக்கிறது. முதல்முறை சைக்கிள் ஏறியவரின் தோளைப் பார்த்தால் போதும். 'பயப்படாதே, லூசாக விடு' என்று பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவதால் அந்தப் பூட்டு திறந்ததாகச் சரித்திரம் இல்லை.

இதில் வினோதம், அவளை யாரும் இங்கே சேர்க்கவில்லை. அவளேதான் கேட்டாள். கணேசோத்சவத்தின்போது ஒரு பந்தல் முன்னால் கயிற்றில் உட்கார்ந்து கும்பிட்ட சிறுமியைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் அப்பாவை நச்சரித்துச் சேர்ந்தாள். அதனாலேயே கோபம் அதிகம். கணக்கு வராவிட்டால் டீச்சர்மேல் பழி போடலாம். இது அவளே ஆசைப்பட்ட விஷயம். கூடச் சேர்ந்த ஏழு பேரும் ஏறிவிட்டார்கள். ஒரு பையன் உச்சியில் கொக்கியைத் தொட்டுவிட்டு வந்து, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா ஒரு மாலை வந்து மொபைலில் படம் எடுத்தார். அன்றிரவு குடும்பத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் அவள் சறுக்குவதை எல்லோரும் பார்த்துச் சிரிக்கும் பொம்மைகள் அனுப்பினார்கள். அவர்களுக்கு அது செல்லச் சிரிப்பு. அவள் மறுநாள் வயிற்று வலி என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பது, இல்லாவிட்டால் மாதுங்காவிலேயே செஸ் வகுப்பு என்று வீட்டில் முடிவாயிற்று. செஸ்ஸில் சறுக்கி விழ முடியாதுதானே.

பாட்டியின் கட்சி வேறு. அவர் தாமிரபரணிக் கரை ஊரில் பிறந்தவர். நீச்சல் கற்றது தோட்டத்துக் கமலைக் கிணற்றில். அண்ணனைக் கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று சித்தப்பா பின்னாலிருந்து தள்ளிவிட்டார். அண்ணன் தண்ணீர் குடித்து, மூக்கில் ஏறி, எப்படியோ படிக்கட்டைப் பிடித்தவன் ஆயுசுக்கும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. இவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மாமா. இடுப்பில் கயிறு கட்டி, மறுநுனியைத் தன் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் கயிறு விறைப்பாக இருக்கும். மூன்றாம் நாள் கொஞ்சம் தொய்வு. ஒரு நாள் நடுக்கிணற்றில் திரும்பிப் பார்த்தால், கயிறு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது, மாமா படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். தள்ளிவிட்டவர்களும் கயிறு பிடித்தவர்களும் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். தள்ளிவிட்டுக் கற்றவர்களில் பிழைத்தவர்கள் மட்டுமே பிற்காலத்தில் அதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். அண்ணனைப் போன்றவர்கள் பேசுவதில்லை.

பயிற்சியாளர் அவள் அழுததும் ஓடிவரவில்லை. 'அழாதே' என்றும் சொல்லவில்லை. வரிசையில் அடுத்த குழந்தையை ஏற்றி இறக்கிவிட்டு, நிதானமாக வந்து மெத்தையில் உட்கார்ந்தார். காலைக் காட்டச் சொன்னார். விரல் இடுக்கில் தோல் சிவந்திருந்தது, கிழியவில்லை. வலிக்கிற அழுகைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வெட்க அழுகைக்கு ஓய்வு கொடுத்தால் அது வீட்டுக்குப் போய்ப் பெரிதாகும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் கால் பரிசோதனை. சிவப்பு கொஞ்சம்தான், வெட்கம்தான் நிறைய என்று தெரிந்ததும் அவர் செய்த காரியம் பாட்டிக்கு அப்போது பிடிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மற்ற குழந்தைகள் ஏறும்போது கயிற்றின் கீழ்நுனியைப் பிடித்துக்கொள் என்றார். எடுபிடி வேலை!

அந்த வேலையில் அவள் அரை மணி நேரம் தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டே நின்றாள். கயிறு ஏறுகிறவர்களை எதிரே நின்று பார்த்தால் கைதான் தெரியும். அடியில் நின்று பார்த்தால் பாதங்கள் தெரியும். முழங்கால் வெளிப்பக்கம் மடிந்து மேலே வருவது, விரல்கள் கயிற்றைக் கவ்வுவது, பிறகு கால் நீண்டு உடம்பை உயர்த்துவது, கை சும்மா அடுத்த இடத்துக்கு நகர்வது. உடம்பைத் தூக்குவது கால், கை வெறும் வழித்துணை என்று மூன்று வாரமாக 'பாய், பாய்' என்று கத்தியும் போகாத விஷயம் கண் வழியாகப் போயிற்று. இன்னொரு விஷயமும் உண்டு. கீழ்நுனியை அவள் இறுக்கிப் பிடித்தால்தான் மேலே இருப்பவன் ஆடாமல் இருக்கிறான். கொக்கியைத் தொட்ட அந்தத் தம்பட்டப் பையனும் "விடாதே, விடாதே" என்று கெஞ்சினான்.

மறுநாள் கயிறே இல்லை. தரையில் உட்காரவைத்து ஒரு கைக்குட்டையைப் போட்டார்கள். கால்விரல் இடுக்கால் எடுத்துத் தன் கையில் கொடுத்துக்கொள்ள வேண்டும். வலது காலில் இருபது தடவை, இடது காலில் இருபது தடவை. விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு கயிற்றின் நுனித் துண்டைப் போட்டு அதையே செய்யச் சொன்னார்கள். சொன்னவர் பயிற்சியாளர்கூட அல்ல, பதின்மூன்று வயது மூத்த மாணவி ஒருத்தி. எல்லாக் குழந்தைகளும் அவளைத் 'தாயி' என்று கூப்பிடுகின்றன. மராத்தியில் அக்கா. அங்கே மிகத் திறமையான மாணவி அவளல்ல. அவளுக்கும் முதலில் வரவே இல்லை, மூன்று மாதம் ஆயிற்று என்பதைப் பயிற்சியாளர் ஞாபகம் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார். கஷ்டப்படாமல் கற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியாது. எந்தப் படி கடினம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த மைதானத்துக்குப் பிள்ளைகளைப் பழக்குவது புதிதல்ல. அதோ அந்தப் பக்கம் வலைகளில் பந்து அடிபடும் சத்தம் கேட்கிறதே, அங்கேதான் ரமாகாந்த் அச்ரேகர் ஒரு சுருள்முடிச் சிறுவனை நாள் முழுவதும் ஆடவைத்துக் களைத்துப்போகச் செய்தார். களைத்த நேரத்தில் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். சச்சினை அவுட்டாக்கும் பந்துவீச்சாளனுக்கு அது சொந்தம். யாராலும் முடியாவிட்டால் சச்சினுக்கு. அப்படி வென்ற பதின்மூன்று நாணயங்களைத் தன் பெரும் பொக்கிஷங்களாகச் சொல்லியிருக்கிறார் டெண்டுல்கர். நாணயத்தின் மதிப்பில் ஒன்றுமில்லை. உலகப் புகழ், இந்திய அணி என்று எட்டாத தூரத்தில் இருப்பதையெல்லாம் மறக்கச் செய்து, இன்னும் கொஞ்ச நேரம் நில் என்று கைக்கெட்டும் ஒரு வேலையாக அதைச் சுருக்கிக்கொடுத்தது அந்த ஒரு ரூபாய். அச்ரேகர் 2019 ஜனவரியில் மறைந்தார். 2024 டிசம்பரில் மைதானத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது.

மல்லகம்ப் பக்கம் அவ்வளவு புகழ் வந்ததில்லை. 1925-இல் தொடங்கிய ஸ்ரீ சமர்த்த வியாயாம மந்திர் இங்கே அதன் தாய்வீடு. அங்கே தலைமுறைகளைப் பழக்கிய உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, 50 நாடுகளைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்டோருக்குக் கற்றுக்கொடுத்தவர் என்றது அரசு. 2019 பிப்ரவரியில் முதல் உலகப் போட்டி நடந்ததும் இந்த மைதானத்தில்தான். தமிழகத்திலிருந்தும் குழந்தைகள் இந்த விளையாட்டில் தேசியப் போட்டிகளுக்குப் போகிறார்கள். விழுப்புரம் அதற்குப் பேர்போன ஊர். தேஷ்பாண்டே மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும்கூடப் பயிற்சி கொடுத்திருக்கிறார். பார்வையற்ற குழந்தை கயிறு ஏறுவதை யோசித்துப் பாருங்கள். 'என்னைப் பார்த்துச் செய்' என்ற வாக்கியம் அங்கே செல்லாது. கயிறு எங்கே, கால் எங்கே, அடுத்த பிடி எங்கே என்று தொட்டுத்தான் காட்ட வேண்டும். பார்வையுள்ள குழந்தைக்கும் உண்மையில் அதுதான் வேண்டியிருக்கிறது. ஏறும்போது யாருக்கும் தன் கால் தெரிவதில்லை.

வியாழக்கிழமை பயிற்சியாளர் இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, அவளைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தினார். மூன்று வாரமாக அவள் சுவரைப் பார்த்தபடிதான் ஏறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சறுக்கலிலும் ஐம்பது முகங்கள். திருப்பி நிறுத்தியபோது எதிரே தென்னை மரங்களும் மைதானமும்தான். சும்மா நூற்றெண்பது டிகிரி திருப்பம். இதை யாரும் புத்தகத்தில் எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம்.

இரண்டாவது காரியம் அதைவிடப் பெரியது. ஏறச் சொல்லவில்லை. அவளைத் தன் தோளில் நிற்கவைத்து, கயிற்றில் ஆறடி உயரத்தில் கையைப் பிடிக்கச்செய்து, விரல் இடுக்கில் கயிற்றைத் தானே வைத்துக்கொடுத்தார். "ஹளூ ஹளூ," என்றார். மெதுவாக. இறங்கு. அவ்வளவுதான். இறங்குவதற்கு எடையைத் தூக்க வேண்டியதில்லை, விட்டுக்கொடுத்தால் போதும். ஆனால் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு அங்குலத்திலும் விரல்கள் கவ்வியாக வேண்டும். ஏறுவதில் பயம் என்னவென்றால், மேலே போனபின் எப்படி வருவது என்பது. முதலிலேயே வந்துவிட்டால் அந்தப் பயத்துக்கு வேலையில்லை. கீழே அவள் இடுப்பில் அவருடைய இரண்டு உள்ளங்கைகள். இரண்டாம் தடவை உள்ளங்கைக்குப் பதில் விரல்கள். ஐந்தாம் தடவை இடுப்புக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு அங்குலம் காற்று. அது அவளுக்குத் தெரியாது. சுவர்மேலிருந்த பாட்டிக்குத் தெரிந்தது. கமலைக் கிணற்றில் மிதந்த கயிறு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐந்து தடவை நன்றாக இறங்கியதும் அவள் "இன்னும் ஒரு தடவை, சர்" என்றாள். அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். நாளைக்கு. மும்பைப் பெற்றோர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினம். பணம் கட்டிய ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் பாக்கி இருக்கிறதே என்பார்கள். ஆனால் களைத்த விரல்கள் ஆறாம் தடவை சறுக்கினால், குழந்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது அந்தச் சறுக்கலைத்தான். பழகிய அசைவுகள் தூக்கத்தில் இன்னும் நன்றாகப் படிகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. எதோடு தூங்கப் போகிறாள் என்பது முக்கியம். அன்று வீட்டுக்குப் போகும் டாக்ஸியில் அவள் பாட்டியின் கைக்குட்டையைக் காலால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டே வந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து முறைத்தார்.

எல்லாம் நல்லபடியாகவே போயிற்று என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மறுபடியும் அழுகை. ஏற முயன்றாள், மூன்று பிடிக்குமேல் போகவில்லை. தம்பட்டப் பையன் ஏதோ சொன்னான். அவனுக்கு ஒரு கிள்ளு கிடைத்தது. பயிற்சியாளர் இருவரையும் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்தார். அப்பா போன் செய்து பாட்டியிடம் நிலவரம் கேட்டார். எதற்கு இந்தக் கஷ்டம், இவளுக்கு இது வராது என்று தோன்றுகிறது என்றார். பாட்டி, "வருமோ வராதோ, நீ அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு இங்கே வராமல் இரு, அது போதும்" என்று வைத்துவிட்டார். இரவு விரல் இடுக்கில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். மறுநாள் அந்த எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவச்சொல்லித் தாயி திருப்பி அனுப்பினாள். கம்பத்துக்குத்தான் எண்ணெய், கயிற்றுக்கு ஆகாது.

சனிக்கிழமை மாலை கடல் பக்கமிருந்து காற்று பலமாக வீசிற்று. கயிறுகள் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. அவள் முறை வந்தபோது தாயி கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சியாளர் வேண்டுமென்றே அடுத்த கயிற்றுக்குப் போய்விட்டார், காது மட்டும் இந்தப் பக்கம். முழங்கால் வெளியே மடிந்தது. விரல் கவ்வியது. கால் நீண்டது. கை ஒரு பிடி மேலே போயிற்று. இன்னொன்று. நான்காவதில் நின்றுவிட்டாள். சுவர்மேல் இருந்தவர்களில் பாதிப் பேர் வடா பாவ் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், கவனிக்கவில்லை. அவளுக்கும் அவர்கள் தெரியவில்லை. ஐந்து. ஆறு. பாதிக் கயிறுகூட ஆகவில்லை. அங்கே ஒரு நிமிடம் போலத் தங்கி மூச்சு வாங்கினாள். மேலே பார்த்தாள். போகவில்லை. யாரும் போகச் சொல்லவுமில்லை. பிறகு சறுக்காமல், ஒவ்வொரு அங்குலமாக, தானே இறங்கி வந்து, ஒன்றும் நடக்காதது போல வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். அடுத்து ஏற வந்த ஒரு குட்டிப் பையனுக்கு நுனியைப் பிடிக்கத் தாயி அவளைத்தான் கூப்பிட்டாள்.

சுவர்மேல் பாட்டி இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். வலதுகால் செருப்பைக் கழற்றினார். மடியிலிருந்த கைக்குட்டையைத் தரையில் போட்டு, கட்டைவிரலையும் அடுத்த விரலையும் அகட்டி, அதைக் கவ்வப் பார்த்தார். மெட்டி இடித்தது. மறுபடி பார்த்தார். கைக்குட்டையின் ஒரு மூலை ஒரு சாண் உயரம் எழும்பி, செம்மண்ணில் விழுந்தது.